டார்லீனின் முதல் விருப்பம்

"அம்மா, எதை வேணா எடு. அந்த மேப் வகுப்பை மட்டும் எடுக்காதே."

ஜோசி இப்படிச் சொன்னதும் டார்லீனுக்குச் சுருக்கென்றது.

நாற்பத்தொரு வயதில் காலேஜ் சேரப் போகிறாள். அதுவும் மகள் மூன்றாம் வருஷம் படிக்கிற அதே பெண்கள் கல்லூரியில். இருபது வருஷத்துக்கு முன்னால், ஜோசி வயிற்றில் இருந்தபோது பாதியில் விட்ட படிப்பு. அதன் பிறகு பிடித்தது ஸ்கூல் பஸ் ஸ்டியரிங்.

முதல் வருஷத்துப் பெண்கள் எல்லோரும் ஒரு செமினார் எடுத்தே ஆக வேண்டும். பிடித்ததை விருப்ப வரிசைப்படி கம்ப்யூட்டரில் போட வேண்டும். சமையலறை மேஜையில் லேப்டாப்பை வைத்துக்கொண்டு டார்லீன் காலையிலிருந்து அதை முறைத்துக்கொண்டிருந்தாள்.

'தூக்கம் என்றால் என்ன?' என்று ஒரு வகுப்பு. அதை ஒருத்தர் சொல்லிக் கொடுக்க, உட்கார்ந்து கேட்க வேண்டுமாம்! விடியும் முன்னே பஸ் எடுக்கிறவளைக் கேட்டால் ஒரே வரியில் சொல்லிவிடுவாள்.

அதற்குக் கீழேதான் இருந்தது, 'உலகை வரைந்தவர்கள்.' மேப் பற்றிய வகுப்பு. பார்த்ததும் மனசு அங்கேயே உட்கார்ந்துவிட்டது.

"ஏன், அதுக்கு என்ன கேடு?"

"அந்த ரூம் ஒரே புழுக்கம்மா."

"என் பஸ்ல ஏசியா இருந்தது?"

"ப்ரொஃபஸர் வின்ஸ்லோ வாய்க்குள்ளேயே பேசுவார். ஒண்ணும் காதுல விழாது."

"பஸ் நிறைய பிள்ளைங்க கத்தக் கத்த ஓட்டினவடி நான். முணுமுணுத்தா எனக்குச் சங்கீதம்."

ஜோசி நகத்தைக் கடித்தாள். "உப்பைப் பத்தி ஒரு வகுப்பு இருக்கும்மா. கடற்கரைக்கெல்லாம் கூட்டிட்டுப் போவாங்களாம். உனக்குத்தான் கடல் பிடிக்குமே."

ஓகோ! விஷயம் இதுதானா?

ஏதோ ஒரு ப்ரொஃபஸருக்கு மாணவ உதவியாளராக ஜோசியை எடுத்திருக்கிறார்கள். ஜூனியர் பெண்கள் எழுதுவதையெல்லாம் திருத்தித் தருகிற வேலை. அது கிடைத்ததிலிருந்தே பெண்ணுக்குக் கால் தரையில் படவில்லை. அம்மாவை எங்கேயாவது கடற்கரைப் பக்கம் தள்ளிவிடப் பார்க்கிறாள்.

"என்னைப் பார்த்தா வெட்கமா இருக்குன்னு நேராவே சொல்லிடு. நான் சத்தமா சிரிப்பேன், வாய்க்கு வந்ததைப் பேசுவேன். உன் ஃப்ரெண்ட்ஸ் முன்னால மானம் போயிடும். அதானே?"

"ஐயோ, அம்மா!"

ஜோசி லேப்டாப்பை அம்மா பக்கம் நகர்த்தினாள்.

"சரி. உனக்குப் பிடிச்சதையே முதல்ல போடு."

டார்லீன் அதையே முதல் விருப்பமாகப் போட்டாள். வீம்புக்கு இரண்டாவதாகவும் அதையே போட்டுப் பார்த்தாள். கம்ப்யூட்டர் ஒப்புக்கொள்ளவில்லை.

செப்டம்பரில் முதல் வகுப்பு.

ஊரில் உள்ள சந்துபொந்தெல்லாம் கண்ணைக் கட்டிவிட்டாலும் ஓட்டுவேன் என்று பீற்றிக்கொள்கிறவள், மேப் வகுப்புக்குப் போகும் வழியில் தொலைந்து போனாள். ஏதோ ஒரு கதவைத் தள்ளிக்கொண்டு நுழைந்தால், அது சாப்பாட்டுக்கூடத்தின் சமையல் கட்டு.

அங்கே தலையில் வலை மாட்டிக்கொண்டு ஒருத்தி எச்சில் தட்டுகளை வழித்துக்கொண்டிருந்தாள். ஜோசி!

"என்னடி இது? உதவியாளர் வேலை என்னாச்சு?"

"அது சரிப்பட்டு வரலைம்மா. கைச்செலவுக்கு இந்த வேலை. உன் வகுப்பு எதிர்க் கட்டடம். மாடியில. ஓடு, நேரமாச்சு!"

படியேறும்போது டார்லீனுக்குக் கொஞ்சம் சந்தோஷமாகக்கூட இருந்தது. மண்டைக்கனம் பிடித்து ஆடினால் இப்படித்தான். பெற்ற தாய்க்கு வரக்கூடாத சந்தோஷம். ஆனாலும் வந்தது.

அவள் உள்ளே நுழைந்ததும் வகுப்பே கப்சிப் ஆனது. ஒரு பெண் பயபக்தியோடு, "குட் மார்னிங், ப்ரொஃபஸர்" என்றாள்.

"நானும் உன்னை மாதிரி முதல் வருஷம்தாம்மா" என்று சொல்லிவிட்டுக் கடைசி நாற்காலியில் ஒடுங்கினாள் டார்லீன்.

ஜன்னல் வழியாகக் காற்று பிய்த்துக்கொண்டு போனது. ப்ரொஃபஸர் வின்ஸ்லோ பேச ஆரம்பித்தார். அந்தக் குரல் தெருமுனை வரைக்கும் கேட்டிருக்கும்.

ஆக, புழுக்கமும் பொய், முணுமுணுப்பும் பொய். வீட்டுக்கு வரட்டும், வைத்துக்கொள்கிறேன் என்று பல்லைக் கடித்தாள்.

வகுப்பு முடிந்ததும் ஓர் உயரமான பெண் ஓடி வந்தாள்.

"நான் இமானி. இந்த வகுப்புக்கு மாணவ உதவியாளர். நீங்கதானே ஜோசியோட அம்மா? இது அவளோட இடம்தாங்க. ரொம்ப ஆசைப்பட்டு வாங்கினா."

"அவளோட இடமா?"

"சொந்தக்காரங்க எழுதினதை உதவியாளர் திருத்தக் கூடாதுன்னு ரூல். இந்த வகுப்புல உங்க பேர் வந்ததும் ஜோசியே போய் விலகிக்கிட்டா. உங்களுக்குத் தெரியாதா?"

டார்லீன் விறுவிறுவென்று படியிறங்கினாள். இந்த முறை வழி தப்பவில்லை.

ஜோசி இன்னும் தட்டுகளோடுதான் மல்லுக்கட்டிக்கொண்டிருந்தாள்.

"அடிப்பாவி! ஒரு வார்த்தை சொல்லியிருக்கக் கூடாதா? சொல்லியிருந்தா அந்த நிமிஷமே வகுப்பை விட்டிருப்பேனே!"

ஜோசி ஈரக் கையாலேயே அம்மாவின் கையைப் பிடித்தாள்.

"அதனாலதான்மா சொல்லலை. எனக்காக நீ ஒரு தடவை படிப்பை விட்டது போதும்."