கைப்பழக்கம்

"மூக்கு இவ்வளவு சப்பையா இல்ல சார். நல்லா நீளமா, கூரா இருந்துச்சு," என்றார் எதிரே உட்கார்ந்திருந்த அம்மா.

ஓவியருக்கு மனசு குளிர்ந்திருந்தது. ஆபீஸ் வேலையை உதறிவிட்டுக் குழந்தைகள் புத்தகங்களுக்குப் படம் போட்டே காலத்தை ஓட்டுகிறவர். 'பொம்மை போடறவர்' என்று சொந்தக்காரர்கள் சிரித்த மனிதரை இன்று காலையில் வண்டி அனுப்பிப் போலீஸ் ஸ்டேஷனுக்குக் கூட்டி வந்திருக்கிறார்கள்.

"இங்க படம் போடற எங்க ஆளு லீவு சார். என் பொண்ணு உங்க புத்தகத்தைக் கட்டிப் பிடிச்சிக்கிட்டுதான் தூங்குவா. அதான் உங்க ஞாபகம் வந்துச்சு," என்றார் இன்ஸ்பெக்டர்.

வீட்டில் மகனுடைய விமர்சனமே வேறு. "ராஜா, திருடன், கழுதை, எல்லாத்துக்கும் உங்க மூஞ்சிதாம்ப்பா. கண்ணாடி பாத்து வரையறீங்களா?" என்பான். ஓவியருக்குக் கோபம் வராது, சிரிப்புதான் வரும்.

நேற்று சாயங்காலம் கடிகாரக் கடைப் பெரியவரை எவனோ தள்ளிவிட்டு ஓடியிருக்கிறான். தலையில் அடி. பெரியவர் விடிவதற்குள் ஆஸ்பத்திரியில் கண்ணை மூடிவிட்டார். ஓடியவன் முகத்தைப் பார்த்தது இந்த எதிர்க்கடை அம்மா ஒருத்தர்தான்.

ஓவியர் மூக்கை நீட்டினார். தாடையை ஒடுக்கினார். "புருவம் எப்படிம்மா?"

"இடது புருவத்துல நடுவுல ஒரு வெட்டு சார். அங்க மட்டும் முடி இல்ல. கடைப் படியில இடறினப்ப நேரா என்னைப் பாத்தான்."

பென்சில் நின்றது. சின்ன வயதில் சைக்கிளிலிருந்து விழுந்து மகன் வாங்கிய வெட்டு அது. காகிதத்தைப் பார்த்தார். மகனுக்கு அப்படியே அவன் அம்மா ஜாடை. அதே மூக்கு, அதே தாடை.

நேற்று வீட்டுக்கு வந்ததும் சட்டையைத் தானே துவைத்துப் போட்டுவிட்டு, சாப்பிடாமல் படுத்துவிட்டான். என்னடா அதிசயம் என்று இவர்கூடக் கிண்டல் செய்தார்.

"தாள் பாழாயிடுச்சும்மா. வேற தாள்ல போட்டுடறேன்," என்று அதைக் கைக்குள் கசக்கிக்கொண்டார். நல்லவேளை, இன்ஸ்பெக்டர் போனில் இருந்தார்.

புதுத் தாளில் மகன் மட்டும் வந்துவிடக் கூடாது. அவருக்கு வேறு எந்த நினைப்பும் இல்லை. கை போன போக்கில் மளமளவென்று ஒரு முகத்தைப் போட்டார். புருவத்தில் வெட்டு இல்லை.

"வயசு கொஞ்சம் கூட இருக்குமோம்மா?" என்று கேட்டுக்கொண்டே வாயோரம் இரண்டு கோடு இழுத்தார்.

"இருக்கலாம் சார்."

"வெட்டுன்னீங்களே, அது நிழலா இருக்கும். கடை விளக்கு அப்படித்தான் ஏமாத்தும்."

ராத்திரி முழுக்கத் தூங்காத அம்மா அவர். படத்தையே வெறித்துப் பார்த்தார். பார்க்கப் பார்க்க, ஞாபகம் படத்தின் பக்கம் சாய்ந்துவிட்டது.

"ஆமா சார். இவன்தான்."

செத்துப்போன பெரியவர் ஓவியரின் நினைவில் வந்து போனார். தாளை நீட்டினார்.

போனை வைத்துவிட்டு வந்த இன்ஸ்பெக்டர் படத்தைப் பார்த்தார். ஓவியரைப் பார்த்தார். மறுபடியும் படத்தைப் பார்த்தார். அந்த அம்மாவும் அப்போதுதான் நிமிர்ந்து ஓவியரின் முகத்தைச் சரியாகப் பார்த்தார். நாற்காலியைப் பின்னுக்கு இழுத்துக்கொண்டார்.

"தப்பா நினைக்காதீங்க சார்," என்றார் இன்ஸ்பெக்டர். "நேத்து சாயந்திரம் நீங்க எங்க இருந்தீங்க?"

ஓவியர் எட்டித் தாளைப் பார்த்தார். மகன் சொன்னது சரிதான். ராஜா, திருடன், கழுதை.

கைக்குள் இருந்த பழைய தாளை இன்னும் இறுக்கிக்கொண்டார்.

"அந்தக் கடையிலதான் சார்."