பதினோரு மணி வெயில்

“ஈரல்ல கொழுப்பு கூடியிருக்கு. வைட்டமின் டி இன்னும் இறங்கியிருக்கு. நான் சொன்னபடி வெயில்ல நடந்தீங்களா?” டாக்டர் கேட்டார்.

குற்றாலிங்கம் வாயைத் திறக்குமுன் மனைவி நிர்மலாதேவி முந்தினாள். “மூணு மாசமா தெனமும் பதினோரு மணிக்கு நாந்தான் அனுப்புதேன். வேர்த்து, சட்டை தொப்பலா நனைஞ்சுல்லா வருதாக! என்னய ஏமாத்த முடியுமா?”

“அப்ப வேற நோயா இருக்கலாம். விலாவுல ஊசியக் குத்தி, ஈரல்ல துளி சதை எடுத்துப் பாக்கணும்.”

குற்றாலிங்கம் விலாவைத் தடவிப் பார்த்துக்கொண்டார். உண்மையைச் சொன்னால் ஊசி தேவையில்லை. செங்கோட்டை ரோட்டுப் பரோட்டாக் கடையில் தின்று கை கழுவும்போது, குழாய்த் தண்ணீரில்தான் தினமும் சட்டையை நனைத்துக்கொள்கிறார்.

மனைவியைத் திரும்பிப் பார்த்தார்.

“ஊசியே குத்திருங்க டாக்டர்.”