போத்தலில் விட்ட வேர்

பிரிக்பீல்ட்ஸ் அடுக்குமாடி வீட்டில் உஷாராணி மணிபிளாண்ட் தண்டு ஒன்றை வெட்டி, கண்ணாடிப் போத்தல் தண்ணீரில் வைத்திருந்தாள். மூன்று வாரத்தில் விரல் நீளத்துக்கு வேர் விட்டது. ஆனால் அவள் வேலை முடிந்து வரும்போதெல்லாம் யாரோ தண்ணீரை மாற்றியிருந்தார்கள்.

கணவன் தனேஷிடம் கேட்டாள். "நான் இல்லாதப்ப யாரு வீட்டுக்கு வர்றா? யாருக்காச்சும் சாவி குடுத்தீங்களா?"

"ரெண்டே சாவிதான் லா. ஒன்னு உன்கிட்ட, ஒன்னு என்கிட்ட."

அவள் நம்பவில்லை. அவன் ஈப்போவுக்குக் கிளம்பிய காலையில் ஆளை வரவழைத்துப் பூட்டை மாற்றினாள். புதுச் சாவிகளைக் கைப்பையில் போட்டுக்கொண்டு வேலைக்குப் போனாள்.

மாலையில் வந்து கதவைத் திறந்தாள். வேர்களைச் சிக்கெடுத்து, சடைபோல யாரோ பின்னியிருந்தார்கள். பின்னல் பாதியில் நின்றிருந்தது. போத்தலில் தண்ணீர் இன்னும் ஆடிக்கொண்டிருந்தது.