மூன்று வாட் படம்

“டிராக்டர் பேட்டரியில ஒயரு போட்டியாடா, பிரகாஷு?”

“அதுல கை வைக்கலங்க மேஸ்திரி. இது பழைய பைக் பேட்டரி. அந்தக் குட்டி டிவி மூணு வாட்டுதான் இழுக்கும். உங்க டார்ச்சு லைட்டே இதைவிட அதிகம் இழுக்கும்.”

மேஸ்திரி விருத்தாசலம் நம்பவில்லை. வளவனூர் கரும்புக் கொல்லையில் நின்ற டிரெய்லரை ஒரு சுற்று சுற்றி வந்தார். திண்டிவனம் பக்கத்திலிருந்து அவர் கூட்டிவந்த பதினாலு பேருக்கும் பத்து நாளாக அதுதான் வீடு. பெண்களுக்கு மேலே படுக்கை, ஆண்களுக்கு அடியில். பகலில் மூன்று பிள்ளைகள் மட்டும் அதற்குள் இருப்பார்கள். கீழே இறங்கினால் காலைக் கிழிக்கும் கட்டையும் பாம்பும் என்று தார்ப்பாயை நாலு பக்கமும் இழுத்துக் கட்டியிருந்தார்கள்.

டிரெய்லர் மூலையில் ஒரு மூங்கில். அதன் உச்சியில் எலுமிச்சங்காய் அளவுக்குக் கறுப்பாக ஏதோ ஒன்று.

“இது இன்னா, ஆன்டெனாவா?”

“அந்த மாதிரிதாங்க” என்றான் டிரைவர் லூர்து பிரகாஷ். “திண்டிவனத்துல கார் உடைக்கிற கடையில, டிவியோட சேத்து வாங்கினேன்.”

இரண்டு நாள் முன்புவரை கோவிந்தம்மாளின் மூன்று வயது மகன் கோபி அழுத அழுகை சாதாரண அழுகை அல்ல. அவன் இங்கே வாயைத் திறந்ததும் கிளியனூரில் ஒரு எருமை கயிற்றை அறுத்துக்கொண்டு ஓடியதாகச் சொல்கிறார்கள். சொந்தக்காரர் இன்னும் தேடிக்கொண்டிருக்கிறார். செல்போனைக் கொடுத்துப் பார்த்தார்கள். பத்து மணிக்கே சார்ஜ் இறங்கிவிடும், கோபியின் குரல் ஏறிவிடும். கோவிந்தம்மாள் கரும்பு வெட்டுவதைப் போட்டுவிட்டு ஓடுவாள்.

“இன்னொரு தபா ஓடினீன்னா அப்படியே ஊரைப் பாத்து போயிடு” என்று மேஸ்திரி சொல்லியிருந்தார். இந்த வேலையை விட்டால் அவளுக்குப் பங்குனி வரை வேறு வேலை கிடையாது.

நேற்று டிவி வந்தது. கோபி வாயைத் திறக்கவில்லை. ஆனாலும் அவள் மூன்று கரும்புக்கு ஒருமுறை தலையைத் தூக்கி டிரெய்லரைப் பார்க்கத்தான் செய்தாள். அதுவும் கூடாது என்று இன்று காலை மேஸ்திரி நல்ல விதமாகச் சொல்லி வைத்தார்.

“கழட்டிடுடா. நாளைக்கு இந்த பேட்டரி செத்தா, வண்டி பேட்டரிக்குத்தான் வருவே. அப்புறம் லோடு எப்படி ஆலைக்குப் போவும்?”

“கழட்டினா கோபி அழுவான். கோவிந்தம்மா அக்கா ஊருக்குப் போவணும்.”

“போவட்டும்” என்று தானே ஒயரைப் பிடித்தார் மேஸ்திரி. பிடித்தவருக்கு ஒரு சபலம். விழுப்புரத்தில் ஒரே படத்தை முப்பத்து மூன்று தடவை பார்த்தவர் அவர். முப்பத்து மூன்றாவது தடவை, டிக்கெட் கிழிப்பவரே இவரிடம்தான் கதை கேட்டார். அந்தக் கோபியையே அடக்கிய படம் எது?

“உள்ள இன்னா படம் ஓடுது?” என்று தார்ப்பாய்க்கு வெளியிலிருந்தே கேட்டார்.

“பேரு போடல மாமா.” பிரகாஷின் ஏழு வயது மகள் மெர்லினின் குரல். அரையாண்டு லீவுக்கு அப்பாவோடு வந்திருந்தாள்.

“ஹீரோ யாரு?”

“ஹீரோ இல்ல. ஹீரோயின்தான். எல்லார் கையிலயும் கத்தி இருக்கு.”

“ஃபைட்டா?”

“ஃபைட்டு இல்ல. வில்லன் கையில மட்டும் ஒண்ணும் இல்ல. இடுப்புல கைய வச்சிக்கினு நடந்துக்கினே இருப்பாரு.”

“வில்லனுக்கு இன்னா மரியாதை? அவன் இவன்னே சொல்லு.”

“பெரியவரு மாமா.”

“சரி, இன்னா பண்றான்?”

“காலையில ஹீரோயினைத் திட்டினாரு. டிவியில சத்தம் வராது. விரலை ஆட்டி ஆட்டித் திட்டினாரு. அந்தம்மா அந்தப் பக்கம் திரும்பி முந்தானையில கண்ணைத் தொடச்சிக்கிச்சு.”

“படுபாவி. அவனை யாரும் அடிக்கலையா?”

“இன்னும் இல்ல. அதுக்குத்தான் பாத்துக்கினு இருக்கோம்.”

மேஸ்திரி ஒயரை விட்டுவிட்டுத் தார்ப்பாயின் முடிச்சை அவிழ்த்து மேலே ஏறினார்.

கைக்குட்டை அளவுத் திரை. அதில் ஒரு கரும்புக் கொல்லை, குனிந்த முதுகுகள். ஒரு காக்கை குறுக்கே பறந்தது; அது கத்திய சத்தம் வெளியே கேட்டது. அவருக்குப் புரிந்துவிட்டது. மூங்கிலில் இருப்பது ஆன்டெனா இல்லை. காரைப் பின்னால் எடுக்கும்போது பார்க்கிற கேமரா.

திரையில் கோவிந்தம்மாள் மூன்று கரும்பு வெட்டினாள். தலையைத் தூக்கி நேராகப் பார்த்தாள். கோபி அந்த முகத்தின்மேல் விரலை வைத்தான். அவள் மறுபடி குனிந்தாள். கீழே நின்று பார்த்தபோது வேலையில் ஏய்ப்பதாகத் தெரிந்தது இதுதான்.

“டிவி இருக்கட்டும்” என்றார் மேஸ்திரி. “உங்கம்மாவும் எங்கயும் போவ வேணாம்டா கோபி. ஆமா, என் ஆளைத் திட்டி அழ வச்சவன் எவன்? இப்ப ஆளையே காணோம்? யாருன்னு காட்டு. இனிமே அவன் இந்தக் கொல்லையில கால் வைக்கக் கூடாது.”

மெர்லின் தலையைக் குனிந்துகொண்டாள். கோபி திரையிலிருந்து விரலை எடுத்து, மேஸ்திரியின் தொப்பையில் வைத்தான்.