பாக்மதிக் கரையில் மஞ்சள் கொடி

"ஒரு சிதைகூட எரியலையே! இதைப் பார்க்கத்தானே காத்மாண்டு வந்தோம்? உன் கம்பெனிக்கு எழுதிப் போடுறேன்," என்றாள் வெள்ளைக்காரி.

எழுதினால் கைடு தீர்த்தராஜுக்கு வேலை போய்விடும். காலையில் லீவு கேட்டதற்கே முதலாளி, "அப்படியே வீட்டோட இருந்துக்கோ," என்றிருந்தான்.

ஓரமாகப் போய் போன் செய்தான். "எங்கடா இருக்கீங்க? சீக்கிரம் தூக்கிட்டு வாங்கடா, பஸ் கிளம்பிடும்."

பச்சை மூங்கிலில் ஒரு கிழவரின் உடல் வந்து படித்துறையில் இறங்கியது. கேமராக்கள் உயர்ந்தன.

"முகத்தைக் கிட்டப் போய் எடுக்கலாமா?"

"தாராளமா எடுங்க, மேடம்."

"கொள்ளி வைக்கிறது யாரு?"

"அப்பாவுக்கு மூத்த மகன்தான்."

"எங்கே அவன்? காணோமே!"

"எங்கயாவது குடிச்சுட்டுக் கிடப்பான்," என்றான் அவள் கணவன். எல்லோரும் சிரித்தார்கள். தீர்த்தராஜும் சிரித்தான்.

பிறகு, கூட்டத்துக்கு வழிகாட்டக் கையில் பிடித்திருந்த மஞ்சள் கொடியை அவளிடம் நீட்டினான்.

"கொஞ்சம் பிடிங்க, மேடம்."

செருப்பைக் கழற்றிவிட்டுச் சிதையை நோக்கிப் படியிறங்கினான்.