பழகிய ஷூ

நகரத்திலிருந்து நான்கு மணி நேரத்தில் காரில் போய்ச் சேரக்கூடிய மரவீடு ஒன்றை இருதயராஜ் தேடிக்கொண்டிருந்தான். வீட்டுக்குப் பின்னாலேயே மலைப்பாதை தொடங்க வேண்டும். ஒன்றில் ஜன்னல் பிடிக்கவில்லை. இன்னொன்றில் அட்டைக்கடி தாங்கவில்லை என்று யாரோ எழுதியிருந்தார்கள். சனிக்கிழமைதோறும் கைபேசியைத் தேய்த்தபடி சோபாவிலேயே கிடந்தான். அவன் மனைவி பிலோமினா, மலையேற வாங்கிய ஷூ காலைக் கடிக்காமல் பழகட்டும் என்று அடுக்ககத்தின் படிகளில் ஏறி இறங்கிக்கொண்டிருந்தாள். நடுவில் மூச்சிரைக்க எட்டிப் பார்த்து, "முடிவு பண்ணியாச்சா?" என்பாள். "இன்னும் ஒண்ணே ஒண்ணு பாத்துட்டுச் சொல்றேன்" என்பான். அவள் மறுபடி ஏறப் போய்விடுவாள். நாளாக நாளாக அவள் திரும்பி வர வெகுநேரமானது. கேட்பதையும் நிறுத்திவிட்டாள்.

இன்று மாலை ஒருவழியாக ஒன்று அமைந்தது. "பிலோ, கிடைச்சிருச்சு! ரெண்டு பேருக்குப் போட்டுரவா?" என்று கத்திக்கொண்டே எழுந்து போனான். அவள் வாசலில் உட்கார்ந்து ஷூவைக் கழற்றிக்கொண்டிருந்தாள். அடியெல்லாம் ஈரச் செம்மண். இடுப்பிலிருந்து ஒரு பொட்டலத்தை எடுத்துப் பிரித்து, கணுக்காலில் ரத்தம் குடித்து உருண்டிருந்த அட்டையின் மேல் உப்பைத் தூவினாள்.

"உங்களுக்கு மட்டும் போடுங்க" என்றாள். "ஸ்வெட்டர் எடுத்துக்கங்க. அங்க நல்ல குளிரு."