அடுப்படி மூலையில் அம்மா

"அவர் வர்றதுக்குள்ள அம்மாவ இங்கேர்ந்து அப்புறப்படுத்து. இல்லாட்டி நானே செஞ்சுடுவேன்" என்றாள் ஓதில், மூக்கைப் பொத்திக்கொண்டு.

கண்ணாடி முன்னால் முகம் மழித்துக்கொண்டிருந்த அவள் புருஷன் ஜெர்வே திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. "அம்மா பாட்டுக்கு மூலையில கிடக்குது. உன்னை என்ன பண்ணுச்சு?"

"என்ன பண்ணுச்சா? வீடே நாறுது! ராத்திரி ராத்திரி மிச்ச ஒயினையெல்லாம் ஊத்தி ஊத்தி நீதான் செல்லம் கொடுத்து வெச்சிருக்க."

"ஊத்தலேன்னா அம்மா செத்துடும் ஓதில். எங்க அப்பாவும் ஊத்தினார், தாத்தாவும் ஊத்தினார்."

"நல்ல பரம்பரை, போ!"

கல்யாணமாகி வந்த நாளிலிருந்தே ஓதிலுக்கு இந்த அருவருப்பு உண்டு. அடுப்படியில் கதகதப்பான மூலையாகப் பார்த்து அம்மாவுக்கு ஒதுக்கியாயிற்று. அந்தப் பக்கம் போனாலே அவளுக்குக் குமட்டும். வழவழவென்றிருந்த அந்தத் தோலில் ஒருமுறை தெரியாமல் கை பட்டுவிட்டு, அன்று முழுக்கச் சாப்பிடாமல் கிடந்தாள்.

இன்றைக்கு அருவருப்போடு பயமும் சேர்ந்துகொண்டது. பாரிஸிலிருந்து முசியே லவெர்ன் வருகிறார். ஊர் ஊராகப் போய்ச் சின்னக் குடும்பத் தோட்டங்களைத் தேடிப்பிடித்து, அவர்கள் ஒயினை மட்டுமே விற்கிற கடைக்காரர். அவர் சரி என்றால் லுவார் ஆற்றங்கரையில் இவர்களுடைய திராட்சைத் தோட்டம் பிழைக்கும். இல்லையென்றால் அடுத்த மாசமே பெரிய கம்பெனிக்காரனுக்கு விற்றுவிட்டு நடையைக் கட்ட வேண்டியதுதான்.

"அந்த மனுஷனுக்கு மூக்குதான் பொழப்பே! வாசல்ல கால் வெச்சதும் இந்தப் புளிச்ச நாத்தம் அடிச்சா, நம்ம ஒயினைத் தொடுவாரா?"

ஜெர்வே வண்டியை எடுத்துக்கொண்டு ரயிலடிக்குப் போய்விட்டான். நல்லதாய்ப் போயிற்று. ஓதில் முகத்தில் துணியைக் கட்டி, கையுறை மாட்டி, பல்லைக் கடித்துக்கொண்டு அம்மாவைத் தூக்கினாள். சீ, என்ன கனம்! கொல்லைக் கதவைக் காலால் உதைத்துத் திறந்தாள்.

திரும்பி வந்து, தோல் சிவக்கச் சிவக்கக் கையைக் கழுவினாள். ஜன்னலையெல்லாம் திறந்துவிட்டாள். அந்த வீட்டுக்கு வாழ வந்ததிலிருந்து அன்றுதான் நிம்மதியாக மூச்சு விட்டாள்.

விருந்தாளியோடு உள்ளே நுழைந்த ஜெர்வே, மூலையைப் பார்த்ததும் திடுக்கிட்டான். "அம்மா எங்க?" என்று அவள் காதோரம் கிசுகிசுத்தான்.

"கொல்லையில, கோழிக்கொட்டகைப் பக்கம்."

"அடிப்பாவி, இந்த வெயில்லயா?"

"வந்தவர் முன்னாடி மானத்த வாங்காத. வாயை மூடு."

லவெர்ன் முதல் கோப்பையை முகர்ந்தார். ஒரு மடக்கு வாயில் விட்டுக் கொப்பளித்து வாளியில் துப்பினார். அடுத்ததையும் துப்பினார். துப்பத்தான் செய்வார்கள், தொழில் அப்படி. ஆனாலும் ஓதில் வாளியைப் பார்த்து முகத்தைச் சுளித்தாள். இந்த எச்சிலையும் நான்தானே கொண்டுபோய்க் கொட்டணும்!

கடைசியாகச் சிவப்பு ஒயின். இஞ்சி தின்ற குரங்கு மாதிரி ஆகிவிட்டது அவர் முகம்.

"தப்பா நினைச்சுக்காதீங்க ஜெர்வே. நனைஞ்ச நாய் வாடை அடிக்குது. இதை நான் யார்கிட்ட விக்கிறது?"

தோட்டம் போயிற்று. இருந்தாலும் வீடு தேடி வந்தவரைச் சாப்பிடாமல் அனுப்ப முடியுமா? ஓதில் இலைக்கீரையைக் கழுவி, ஆட்டுப்பால் சீஸை உதிர்த்துப் போட்டு, அலமாரியில் மிஞ்சியிருந்த கடைசிப் பாட்டில் வினிகரைத் தட்டித் தட்டிக் கவிழ்த்து, வேண்டாவெறுப்பாக ஒரு சாலட் கலந்து வைத்தாள்.

லவெர்ன் ஒரு வாய் வைத்ததும் மெல்வதை நிறுத்தினார். தட்டில் தேங்கியிருந்ததை ரொட்டியால் வழித்து வழித்துத் தின்றார். போதாக்குறைக்குத் தட்டையே தூக்கி நக்கினார். கர்மம், இவரா பாரிஸ்காரர்!

"இந்த வினிகர் யார் போட்டது?"

"வீட்ல போட்டதுதாங்க" என்றான் ஜெர்வே.

"ஒயினை விடுங்க. இந்த வினிகர் எவ்வளவு ஊத்திக் கொடுத்தாலும் வருஷா வருஷம் நான் எடுத்துக்கிறேன். பாரிஸ்ல இருக்கிற சமையக்காரனெல்லாம் இதுக்காக என் கால்ல விழுவான். உங்க தோட்டத்துல ஒரு கொடியைக்கூட நீங்க விக்க வேண்டாம்."

ஓதில் சிலுவைக்குறி போட்டுக்கொண்டாள்.

"ஆனா ஒண்ணு" என்றார் லவெர்ன். "ஜாடியில ஆடை மாதிரி வழவழன்னு ஒண்ணு மிதக்குமே, ஒயினை வினிகரா மாத்துறது... 'அம்மா'ன்னு சொல்வோமே, அது! அந்த அம்மா இருந்தாத்தான் இந்த ருசி மறுபடி வரும். அதை நான் கண்ணால பாக்கணும்."

ஜெர்வே துள்ளி எழுந்தான். கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. "வாங்க முசியே, வாங்க! கொல்லையிலதான் ஜாடியோட வெச்சிருக்கா!"

ஓதில் நாற்காலியை விட்டு அசையவில்லை. கொல்லையில் கோழிகள் கொக்கரித்துக்கொண்டிருந்தன.

"ஜாடி இருக்கு ஜெர்வே, கொட்டிக் கவுத்து வெச்சிருக்கேன்" என்றாள் மெல்ல. "அம்மாவத்தான் கோழி தின்னுடுச்சு."